அவர் பங்கு நாமங்கள்

எங்கள் அடுப்படியில் கடிகாரம் மாட்டியதே இல்லை. வேலைக்கு நேரம் பார்க்க எங்களுக்குப் பகவான் நாமம் இருந்தது. கொழுக்கட்டைத் தட்டை இட்லிப் பானையில் வைத்து ஆவி வந்ததும் பிள்ளையார் அஷ்டோத்தரம், நூற்றெட்டு நாமமும், ஆரம்பிப்போம். என் வீட்டுக்காரர் ஒரு நாமம், நான் ஒரு நாமம். பூஜை அறையில் புஷ்பம் போட்டுக்கொண்டே அவர் சொல்வார். அடுத்ததை நான் அடுப்பின் முன் நின்று சொல்வேன். நிதானமாகச் சொல்லி முடித்து மூடியைத் திறந்தால், கொழுக்கட்டை பளபளவென்று வெந்திருக்கும். கை வேலையில், வாய் பகவானிடத்தில். பத்தாம் வகுப்போடு நின்றவளுக்கு, நேரத்தை வீணாக்காமல் இருக்கத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மெஸ். சாமி கும்பிட்டு வருகிறவர்கள் அங்கே டீ குடிப்பார்கள். காலையில் அங்கே விற்கிற கொழுக்கட்டை என் கையால் செய்தது. அவர் காலமான பிறகு வருஷாப்தீகம் முடியும்வரை அதை நிறுத்தி வைத்திருந்தேன். மறுபடி ஆரம்பித்தபோது, பணத்தைவிட, விடியற்காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைத்ததே என்றுதான் இருந்தது.

ஏனென்றால் மற்ற நேரம் எனக்குப் பிடிபடவில்லை. முன்பு பொழுது போதாது. அவருக்குக் காப்பி, மகளுக்குச் சாப்பாட்டு டப்பா, துணி, கோவில். இப்போது நாள் முழுக்க என்னுடையது. ஒரு வேலையும் முடிகிறதில்லை. வாளியில் துணியை நனைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நிற்பேன். ஃபோன் வெளிச்சம் காட்டினால் மகளோ என்று ஓடுவேன். ஏதாவது விளம்பரமாக இருக்கும்.

ஒருநாள் மெஸ்காரர் கணக்கு வழக்கு எதுவும் பேசாமல் என் தூக்குப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். தமாஷாகப் பேசுவார்.

"மாமி, ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது, கேட்டியளா. கொழுக்கட்டை பல்லுல ஒட்டுது. உள்ள மாவு வேகல்ல. இதத் தின்னா பிள்ளையாருக்கே வயித்து வலி வந்துரும்."

"நேத்திக்கு மட்டுந்தானே?"

"நேத்து இல்ல மாமி, கொஞ்ச நாளாவே இப்பிடித்தான். டீ குடிக்க வார மலையாளிச் சேட்டன்மாரு கடிச்சுப் பாத்துட்டு வெச்சுட்டுப் போறாங்க. கரமனையில ஒருத்தி கொண்டு தாரேன்னு நிக்கா. நான் உங்களுக்காகத்தான் பாக்கேன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். அதே மாவு, அதே பானை, அதே அஷ்டோத்தரம். எங்கே தப்பு? அடுப்பு சரியில்லையோ என்று பர்னரைக் கழற்றித் தேய்த்தேன். மறுநாளும் மாவு ஒட்டியது.

அதற்கு அடுத்த நாள் காலையில் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். பெங்களூரில் வேலை. ஃபோனை மிக்ஸி மேல் சாய்த்து வைத்துவிட்டு, "இரு, ஆவி வந்துடுத்து" என்று நாமம் சொல்ல ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என்ன பாதியை விட்டுட்டு விட்டுட்டுச் சொல்லறே?"

"நான் எங்கேடீ விட்டேன்?"

"அப்பா சொல்லற நாமம் ஒண்ணுகூட வரல்லையேம்மா."

கையில் இருந்த கரண்டியை மேடையில் வைத்தேன். அவள் சொன்னது நிஜம். என் பங்கை மட்டும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆரம்பத்தில் அவர் நாமத்துக்கு இடம் விட்டிருப்பேன் போலிருக்கிறது, அப்போதெல்லாம் கொழுக்கட்டை வெந்தது. போகப் போக அந்த இடைவெளி தானாகக் குறுகிப் போயிருக்கிறது. எப்போது முழுக்க மூடியது என்று எனக்கே தெரியவில்லை. அதை நினைத்துத்தான் அழுதேன். அவர் போனபோது நாலு பேர் நடுவில் அழுதேன். இதற்கு, மகள் பார்ப்பதையும் மறந்து, மூடிய பானையின் முன்னால் தனியாக நின்று அழுதேன்.

மகள் சொன்னாள். "ஒரு நேரத்துல ஒரு வேலை பாரும்மா. நான் ஆபீஸ்ல டைமர் வெச்சுதான் பண்ணறேன். அடிக்கற வரைக்கும் ஃபோனைத் தொடமாட்டேன். நீயும் ஃபோனை அடுத்த ரூம்ல வெச்சுடு."

"வெச்சுட்டா? நீ கூப்பிட்டா யாரு எடுப்பா?"

அவள் ஃபோனில் டைமர் வைப்பது எப்படி என்று மட்டும் காட்டித் தந்தாள்.

இப்போது பூஜையை முதலில் முடிக்கிறேன். அந்த நேரம் அடுப்பில் எதுவும் இருக்காது. அவர் நாமங்களை நானே சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனை வருஷம் கேட்ட நாமங்கள்தான், ஆனாலும் காதுக்குத் தெரிந்தது நாக்குக்குத் தெரியவில்லை. புஸ்தகத்தைப் பார்த்துத் தட்டுத் தடுமாறிச் சொல்கிறேன். அதனால் இன்னும் முன்னதாக எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. பிறகு அடுப்படி. டைமர் அடிக்கிற வரைக்கும் வேறு எதையும் தொடுவதில்லை, ஜன்னலோரமும் போவதில்லை.

மெஸ்காரர் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுப் பார்த்தார்.

"இதாக்கும் மாமி கொழுக்கட்டை! கரமனைக்காரியை வரண்டாம்னு சொல்லிருதேன். சதுர்த்திக்குக் கூடுதலா வேணும். தனியா முடியுமா உங்களுக்கு?"

"முடியும்" என்றேன்.

கோவில் வாசலில் நின்று பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். மகளிடம் சொல்லலாம் என்று கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. அவள் வேலையில் இருக்கிறாள். மறுநாளைக்குப் பச்சரிசியை அளந்து நனைத்து வைத்தேன்.