பார்த்ததை மட்டும் சொல்லலாம்

போன வாரம் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. சம்பளம் இல்லை, சாப்பாடு உண்டு. நடுக்கடலில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கணவர் தன் மனைவிக்கு உத்தரவு போடுகிறாரா இல்லையா என்று கவனிக்க வேண்டும். அவ்வளவுதான். நடுவர் வேலை!

கேட்டதும் சரி என்றேன். கிளம்பலாமா என்று யார் கேட்டாலும் நான் எங்கே என்று கேட்பதில்லை. திருவனந்தபுரத்துக்குள்ளேயே எத்தனை வாடகை வீடு மாறினேன் என்பது எனக்கே குழப்பம். கரமனை, பேட்டை, இப்போது கழக்கூட்டத்தில் ஐ.டி. பிள்ளைகளுக்கு நடுவே ஒரு ஃப்ளாட். ஒவ்வொரு வீட்டுக்கும் கொக்கி வேண்டும், தாழ்ப்பாள் வேண்டும், துணி காயப்போடக் கயிறு வேண்டும். எல்லாவற்றுக்கும் சாலைக் கடைவீதியில் எனக்கு ஒரே கடைதான். சங்கரலிங்கம் அண்ணாச்சி கடை.

அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். விழிஞ்ஞத்துப் படகுக்காரர்கள்தான் முக்கியமான வாடிக்கை. நைலான் கயிறு, சங்கிலி, போல்ட், பெயின்ட்... வாழ்நாள் முழுக்கக் கடலுக்குப் போகிற சாமான்களை விற்ற மனிதர், ஒரு நாள்கூடக் கடலுக்குள் போனதில்லை. "சாமான் எல்லாம் போயிட்டு வந்துட்டு. நான் மட்டும் கல்லாவுலயே கெடந்தேன்" என்பார்.

கடையைத் தம்பி மகனிடம் ஒப்படைத்ததும் அவர் செய்த முதல் காரியம், ஒரு செகண்ட் ஹாண்ட் ஃபைபர் படகு வாங்கியது. டீசல் எஞ்சின், இரண்டு பேர் படுக்க ஒரு குட்டி அறை, ஒரு ஸ்டவ். கரையை ஒட்டியே ஓட்டி, துறைமுகம் துறைமுகமாகத் தங்கி, அவரும் மனைவியுமாக கோவா வரை போக வேண்டும். அதுதான் ஆசை.

படகு வந்தது. பின்னாலேயே தலைச்சுற்றலும் வந்தது.

காதுக்குள் ஏதோ பேலன்ஸ் கோளாறாம். எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். காரோ படகோ, ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். படகை விற்றுவிடலாம் என்றான் மகன். அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததைப் பார்த்துத்தான் கோமதி மதினி வாயைத் திறந்தார்.

"நான் ஓட்டுதேன்."

மதினி அண்ணாச்சியின் மனைவி. பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். விழிஞ்ஞத்தில் ஆள் வைத்து, மாதக்கணக்கில் வெயிலில் கறுத்து, முறையாகக் கற்றுக்கொண்டார். ஆனால் டீச்சர் அல்லவா? ஒரு நிபந்தனை வைத்தார்.

"நான் நல்லா கார் ஓட்டுனவ, தங்கச்சி. இவுக பக்கத்து சீட்டுல உக்காந்து 'பிரேக்கு, பிரேக்கு'ன்னு கத்துன கத்துல ஒரு நாள் சாவியைக் கையில கொடுத்துட்டு எறங்கிட்டேன். அதோட செரி. படகுலயும் அது நடக்கப்பிடாது. இவுக கண்ணால பாத்ததைச் சொல்லட்டும். நான் என்ன செய்யணும்னு சொல்லப்பிடாது. 'திருப்பு'ன்னு ஒரு வார்த்தை வந்துதோ, படகு திரும்பி விழிஞ்ஞத்துக்கே வந்துரும். மறுநாள் வித்துரலாம்."

"இதுக்கு எதுக்கு நடுவர், மதினி?"

"பின்னே? இவுக சொல்லிப்போட்டு, சொல்லவே இல்லைன்னு சாதிப்பாவ. சாட்சி வேணுமில்லா?"

ஆக, பரீட்சை இதுதான். விழிஞ்ஞத்திலிருந்து கொல்லம் பக்கம் நீண்டகரைத் துறைமுகம் வரை ஒரு பகல் பயணம். அண்ணாச்சி வாயைக் கட்டினால் கோவா. கட்டாவிட்டால் படகே இல்லை.

விடிந்ததும் கிளம்பினோம். வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர் கத்தினார். "அண்ணாச்சி, கடசீல மதினி கையில பிடி கொடுத்தாச்சு, அல்லே?"

"கல்யாணத்தன்னைக்கே கொடுத்தாச்சுடே!" என்றார் அண்ணாச்சி. ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டில், பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகிற பிள்ளை மாதிரி இருந்தார்.

தூரத்தில் கன்டெய்னர் கப்பல் ஒன்று, யாரோ அடுக்குமாடிக் குடியிருப்பை மறந்து கடலில் வைத்துவிட்டுப் போனதுபோல் நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு வடக்கே திரும்பினோம். வலது பக்கம் கரை. இடது பக்கம்... ஒன்றுமில்லை. எத்தனை பெரிய ஒன்றுமில்லை! நீர் நீலமாக இருந்தது, உடனே சாம்பலானது, உடனே வெள்ளியானது. எந்த நிறத்திலும் அதற்கு இருப்புக்கொள்ளவில்லை. எனக்கு அதைப் பிடித்துப்போனது. அசையாமல் நின்றது கரை ஒன்றுதான். அதைப் பார்த்தால்தான் மூச்சு முட்டியது.

தென்னை மரங்கள் வந்தன. ஒரு சர்ச் வந்தது. விமானம் ஒன்று தலைக்கு மேல் இறங்கிப் போனது. அண்ணாச்சி கண்டதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். "சர்ச்சு தெரியுது. வள்ளம் ஒண்ணு வருது. காக்கா ஒண்ணு." அதுவரை குற்றம் இல்லை.

பிறகு, வலை போட்டதற்கு அடையாளமாக மிதக்கிற பிளாஸ்டிக் கேன்கள் வந்தன.

"முன்னால வெள்ளை கேன் ஒண்ணு மெதக்குது."

"பாத்துட்டேன்."

"கிட்ட இருக்கு."

"ம்."

"நல்லா கிட்ட இருக்கு, கோமு... ரொம்ப ரொம்பக் கிட்ட... ஒரு மனுசன் கையை நீட்டுனா தொட்டுரலாம், அவ்வளவு கிட்ட!"

கேனுக்கு வெகு தள்ளிப் படகை ஓட்டிவிட்டு மதினி என்னைத் திரும்பிப் பார்த்தார். "தங்கச்சி, இது பாத்ததா, உத்தரவா?"

"விதிப்படி பார்த்தால்... பார்த்ததுதான், மதினி."

"போதும். நீங்க பின்னாலயே திரும்பி உக்காருங்க. முன்னால நான் பாத்துக்கிடுதேன். பின்னால என்ன வருதுன்னு சொல்லுங்க போதும்."

அண்ணாச்சி சீட்டோடு திரும்பி உட்கார்ந்தார். வகுப்பில் சுவரைப் பார்த்து நிற்கவைத்த மாணவன்! தலை சுற்றுகிறதா என்று கேட்டேன். "கரையில எனக்கு மட்டும் சுத்தும். இங்க எல்லாருக்கும் சுத்துது. அதனால நான் நார்மல்" என்றார்.

புளிச்சாதம் சாப்பிட்டோம். வெயில் ஏறியது. நீண்டகரை கண்ணுக்குத் தெரிந்தபோது, கோவா வந்துவிட்டது என்றே நான் நினைத்தேன். ஒரு வார்த்தைகூடத் தவறவில்லை. இன்னும் கொஞ்ச தூரம்தான்.

நீண்டகரையில் காயல் கடலோடு சேருகிறது. இரண்டு பக்கமும் கடலுக்குள் நீட்டிய கல்சுவர், நடுவே வாசல். அந்த வாசலுக்கு நேராக மதினி படகைத் திருப்பினார். அலை இப்போது எங்கள் முதுகுப் பக்கம்.

காற்றே இல்லை. ஆனாலும் நீர் வீங்கி வீங்கி எழுந்தது. எங்கோ தூரதேசத்துப் புயல் கிளப்பிவிட்ட அலை, சத்தமில்லாமல் இங்கே வந்து சேரும். கள்ளக்கடல் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். அன்றைக்கு எச்சரிக்கை ஒன்றும் இல்லை. கள்ளன் சொல்லிக்கொண்டா வருவான்? கல்சுவரின் நுனியில் வெள்ளையாய் நுரை உடைந்தது. மதினி வேகத்தைக் குறைத்தார், கூட்டினார், மறுபடி குறைத்தார். அவர் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன.

உள்ளே போய்விடலாமே, போய்விடலாமே என்று என் கால்கள் தட்டின. நடுவர் வாய் திறக்கக்கூடாது.

"பின்னால ஒரு அலை வருது" என்றார் அண்ணாச்சி. படகின் வால் தூக்கிக்கொண்டது, இறங்கியது. "அதுக்குப் பின்னால இன்னொண்ணு. அது பெருசு."

"ம்."

"அதுக்கும் பின்னால..."

நிறுத்திவிட்டார். அவர் முகத்தை நான் மட்டும்தான் பார்க்க முடிந்தது. 'திருப்பு' என்கிற அந்த ஒரு வார்த்தை அவர் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. சொன்னால் கோவா போயிற்று, படகு போயிற்று. சொல்லாவிட்டால்? கைகள் சீட்டைப் பிடித்திருந்தன. வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

"கோமு... எனக்குப் பயமா இருக்கு."

மதினி திரும்பிப் பார்க்கவில்லை. கேள்வி கேட்கவில்லை. ஸ்டீயரிங்கை முழுக்கச் சுற்றினார். படகு ஒருச்சாய்ந்து, எஞ்சின் அலறி, வந்த வழியே அலைக்கு மூக்கைக் கொடுத்தது. ஒரு முறை ஏறினோம். வயிறு மேலேயே தங்கிவிட, நாங்கள் மட்டும் இறங்கினோம். பிறகு ஆழமான நீர். அமைதி.

உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தெரியாது. ஒன்றும் ஆகாமலே போயிருக்கலாம். அது யாருக்கும் தெரியப்போவதில்லை.

வெளியே சுற்றிச் சுற்றிக் காத்திருந்தோம். காத்திருப்பது எனக்குத் தெரியாத தொழில். நகத்தைக் கடித்தேன், கயிற்றை அவிழ்த்து மறுபடி சுற்றினேன். மீன்பிடிப் படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அவையும் வாசலுக்கு வெளியே நின்று, பெரிய அலைகளை முன்னால் போகவிட்டு, இடைவெளி பார்த்து நுழைந்தன. மதினி மூன்று படகுகளைப் பார்த்தார். நாலாவதன் பின்னால் ஒட்டிக்கொண்டு உள்ளே போனார். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். பார்த்தால்தானே சொல்ல வேண்டும்?

கயிறு கட்டி, எஞ்சினை அணைத்ததும் மதினி இடுப்பில் கைவைத்து என் முன்னால் நின்றார்.

"சொல்லு தங்கச்சி. இவுக சொன்னது பாத்ததா, உத்தரவா?"

அண்ணாச்சி ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். மதினி படகைத் திருப்பியது அந்த ஒரு பேச்சால்தானே? அப்படியானால் அது உத்தரவுதானே?

"பாத்ததுதான்" என்று அண்ணாச்சியே முந்திக்கொண்டார். "உள்ள பாத்தேன்."

"ஆமா, ஸ்கேன் எடுத்துப் பாத்தாவ!" என்றார் மதினி. சிரித்துவிட்டு அவர் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். "எனக்கும் பயந்தான். இத்தனை வருசத்துல நீங்க ஒரு தரம் இப்படிச் சொல்லியிருந்தா, நான் அந்தக் காரை விட்டு எறங்கியிருக்க மாட்டேன்."

அண்ணாச்சி மிச்சமிருந்த புளிச்சாதத்தை எடுத்து அவர் பக்கம் நீட்டினார்.

என் தீர்ப்பு தேவைப்படவே இல்லை. மறுநாள் அவர்கள் வடக்கே போனார்கள். வேலை முடிந்த நடுவர் கொல்லத்தில் பஸ் ஏறினார். வண்டி நின்ற ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எனக்கு இறங்கி ஓட வேண்டும் போலிருந்தது, அந்தப் படகைப் பிடிக்க.

அன்றிலிருந்து யார் எனக்கு உத்தரவு போட்டாலும் உற்றுப் பார்க்கிறேன். ஹெல்மெட் போடு. போனதும் போன் பண்ணு. மெதுவா ஓட்டு. சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் என் மேஜைக்கு வரணும்... எத்தனை அதட்டல்! தோலை உரித்தால் பாதிக்குமேல் உள்ளே இருப்பது ஒரே வாக்கியம்தான், அன்றைக்கு அண்ணாச்சி சொன்னது. அதை அப்படியே சொன்னால் மரியாதை போய்விடும் என்று குரலை உயர்த்துகிறோம். எதிராளிக்குக் கேட்பது குரல் மட்டும். கிளம்பு, கிளம்பு என்று எனக்கு நானே போட்டுக்கொள்கிற உத்தரவுக்குள் என்ன இருக்கிறதோ... அதை விடுங்கள்.

நேற்று மதினியிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். பின்னணியில் எஞ்சின் சத்தம், காற்று.

"தங்கச்சி, ஆலப்புழை தாண்டியாச்சு. காலையில இருந்து உங்க அண்ணாச்சி மூணு தரம் பயந்துட்டாவ. அதுல ஒண்ணுதான் நெசம்."