வளையல் அளவில் வாங்கிய டேம்பர்

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு விடுதிக்கார அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, மகள் போடும் கோப்பியைக் குடித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் அம்பிட்டிய வீதியில் இருக்கும் அவருடைய விடுதியில் மகளுக்கு வேலை. பிடிக்காவிட்டால் மகள் கத்தாருக்குப் போய்விடுவாள். பாஸ்போர்ட் எடுத்தாகிவிட்டது, மெடிக்கலும் முடிந்துவிட்டது. ஏஜென்சிக்காரர் சனிக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொல்லியிருந்தார்.

அவள் போவது எனக்குப் பிடிக்கவில்லை. அதை நான் அவளிடம் சொல்லவுமில்லை. பேராதனைப் பக்கம் பூக்கன்று விற்கும் இடத்தில் சாடிகளுக்கு மண் நிரப்புவது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. படித்த பிள்ளையின் வழியில் நாம் ஏன் குறுக்கே நிற்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படிப்பு கிடக்கட்டும், எனக்குப் பேசவே வராது என்பதுதான் உண்மையான காரணம். கடையில் மிச்சக் காசு குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுகிறவன் நான்.

மகள் கண்டி டவுனில் ஒரு கோப்பிக் கடையில் வேலை செய்தாள். கடையை மூடியபோது முதலாளி தன் வீட்டில் பாவித்த சின்ன எஸ்பிரசோ மெஷினை அவளுக்குக் கொடுத்துவிட்டார். அரைத்த தூளை ஒரு சல்லடைக் கிண்ணத்தில் போட்டு, அதைக் கைப்பிடியில் பொருத்தி, மேலே அழுத்த வேண்டும். பிறகு மெஷினில் மாட்டினால் சுடுதண்ணீர் அந்தத் தூளைத் துளைத்துக்கொண்டு இறங்கும். அழுத்துகிற கட்டைக்கு டேம்பர் என்று பெயர். மெஷினோடு வந்தது பிளாஸ்டிக். அது புதன்கிழமை இரண்டாக உடைந்துவிட்டது.

இணையத்தில் வாங்கினால் வந்து சேர நாளாகும். அக்குறணையில் ஒரு பாத்திரக் கடையில் இருப்பதாக யாரோ சொன்னார்கள். மகள் கிண்ணத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"இத எடுத்துட்டுப் போங்கப்பா. இதுக்குள்ள அசையாம உக்காரணும்."

எனக்குப் பயம் வந்தது. இருப்பது ஒரே கிண்ணம். பஸ்ஸில் எங்காவது விழுந்தால் எல்லாம் முடிந்தது. அப்போது மனைவி தன் கையில் இருந்த கண்ணாடி வளையல் ஒன்றைக் கழற்றிக் கிண்ணத்துக்குள் போட்டாள். சுற்றிலும் தொட்டுக்கொண்டு அச்சாக உட்கார்ந்தது.

"வளையல் வாங்கப் போனா அளவு வளையல்தானே கொண்டு போவோம்? இதக் கொண்டு போங்க."

எங்கள் வீட்டில் அப்படித்தான். செருப்பு வாங்கப் போனால் ஈர்க்குத் துண்டு, வளையலுக்கு வளையல். அளவு நாடாவை நம்புவதில்லை. நானும் வளையலைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு வியாழக்கிழமை அக்குறணை வழியாகப் போகும் மாத்தளை பஸ்ஸில் ஏறினேன்.

பாத்திரக் கடைக்காரர் முஸ்லிம், அவர்களை நானா என்றுதான் கூப்பிடுவோம். நானா என் கையில் இருந்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணன், வளையல் கடை எதிர்ப்பக்கம் ஈக்கிது."

கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. என்ன வேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் நாலைந்தை மேசையில் எடுத்து வைத்தார். சீக்கிரம் வெளியே போக வேண்டும் என்ற ஒரே நினைப்பில் ஒவ்வொன்றாக வளையலுக்குள் விட்டுப் பார்த்தேன். ஒன்று சிக்காமல், இடைவெளியும் தெரியாமல் வழுக்கிக்கொண்டு போனது. அதையே வாங்கினேன். வளையலுக்குள் கை போவதுதானே வழக்கம். அதனால் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

வீட்டில் மகள் அதால் அழுத்தியபோது தூள் ஓரத்தில் பிதுங்கி மேலே ஏறி வளையமாக நின்றது. மெஷினைப் போட்டதும் கோப்பி மஞ்சளாக ஓடிவந்து கப்பை நிரப்பியது. அவள் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் தொட்டியில் ஊற்றினாள்.

"சின்னதா இருக்குப்பா."

சாடியில் மண் காய்ந்து ஓரம் விட்டுப்போனால், ஊற்றும் தண்ணீர் ஓரத்தால் இறங்கிப் போய்விடும், வேர் நனையாது. அதேதான் இங்கேயும். மனைவிக்குத்தான் முதலில் விளங்கியது.

"வளையலுக்குள்ள போறத வாங்கினீங்களே, கண்ணாடியோட தடிப்ப எங்க விட்டீங்க? வளையலோட வெளியளவுதானே கிண்ணத்தோட அளவு!"

அவள் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. கட்டையை அங்கும் இங்கும் நகர்த்தி அழுத்திப் பார்த்தாள். ஒரு கப் புளித்தது, அடுத்தது கசந்தது. "இதுக்குத்தான் கிண்ணத்தக் கொண்டு போங்கன்னு சொன்னேன்" என்றாள். பிறகு, "பரவாயில்லப்பா, கத்தார்ல இதெல்லாம் அவங்களே வச்சிருப்பாங்க" என்றாள். நாளைக்கு மறுபடி அக்குறணைக்குப் போவதென்று அப்போதே முடிவெடுத்தேன்.

வெள்ளிக்கிழமை என் பூக்கன்று முதலாளி பன்னிரண்டுக்குத்தான் என்னை விட்டார். இந்த முறை கிண்ணமே என் சட்டைப் பையில். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியையும் மற்றக் கையால் நெஞ்சையும் பிடித்துக்கொண்டு நின்றேன். நெஞ்சுவலியா என்று ஒரு மனுசி எழும்பி இடம் தந்தார். இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு உட்கார்ந்துகொண்டேன்.

கடைக்கதவு இழுத்து மூடியிருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரம். தெரிந்துதான் வந்தேன், வேறு வழியில்லை. தெரு முழுவதும் மூடிக் கிடந்தது. நான் கதவுக்கு முன்னால் நின்றேன். நாலு மணிக்கு நான் வீட்டில் இல்லாவிட்டால் டேம்பர் மட்டுமல்ல, கிண்ணமும் இருக்காது. நேற்று கோப்பி கெட்டுப்போகும் என்ற பயம்தான் இருந்தது. இன்றைக்குக் கோப்பியே இல்லாமல் போகும். நானே அவளைப் பிளேனில் ஏற்றிவிடப் போகிறேன்.

பள்ளிவாசல் விட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நானா தொப்பியோடு வந்து என்னைக் கண்டார்.

"இண்டைக்கு வளையல் இல்லயா?"

நான் கிண்ணத்தையும் நேற்று வாங்கிய டேம்பரையும் எடுத்து நீட்டினேன். மாற்றித் தர முடியுமா என்று கேட்க வாயெடுத்தேன், கை மட்டும் இன்னும் முன்னால் நீண்டது. அவர் கிண்ணத்தையும் என் முகத்தையும் பார்த்தார்.

"பாவிச்ச சாமான் நாங்க மாத்துறல்ல. செல்லுங்க, என்னா அவசரம்?"

"நாலு மணிக்கு மகளோட வேலைக்கு ஆள் வர்றாங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் கதவைத் தூக்கினார்.

பொருந்துகிற அளவில் இரண்டு இருந்தன. ஒன்று அலுமினியம், சிவப்புப் பூச்சு, கையில் எடுத்தால் காற்று மாதிரி. மற்றது இரும்புக்கட்டி போல் கனத்தது, மரப்பிடி, அடி தட்டை. வெறும் கிண்ணத்தில் இரண்டும் சரியாகவே உட்கார்ந்தன. நேற்று நான் கண்ணை நம்பி ஏமாந்தவன். தூள் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது. நானா உள்ளே போய் ஒரு கை தேயிலைத்தூள் கொண்டுவந்தார். அலுமினியத்தால் அழுத்தினேன். கை ஒரு பக்கம் சரிந்தது, தூளும் சரிந்தது. கனமானதை வைத்தேன். தன் பாரத்திலேயே பாதி இறங்கிவிட்டது. எடுத்துப் பார்த்தால் தூள் மேசை மாதிரி சமம், ஓரத்தில் ஒரு பொடிகூட நிற்கவில்லை.

"இது" என்றேன்.

"வெல கூட, அண்ணன்."

"இது."

மாற்றுவதில்லை என்றவர், நேற்று வாங்கியதைத் திரும்ப எடுத்து அதன் விலையைக் கழித்துக்கொண்டார். கட்டுகிறபோது, "புள்ளக்கி வேல கெடச்சா எனக்கொரு கோப்பி" என்றார்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஒரு மணி நேரமாக வாகனங்கள் நகரவில்லை. நான் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். தேயிலை வாசம் போகவேண்டும். கண்டியில் இறங்கி ஓட்டோ பிடித்தேன். வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. மணி நாலு தாண்டிவிட்டது.

விடுதிக்கார அம்மா யாழ்ப்பாணத்தவர். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், கைப்பை மடியில் இருந்தது. முன்னால் பிஸ்கட் தொடப்படாமல் கிடந்தது.

"நீங்கள்தான் தகப்பனோ? கோப்பிக் கிண்ணம் அக்குறணைக்குப் போயிட்டுதாம் எண்டு சொல்லிச்சினம். அதுதான் காத்திருந்தனான்."

மகள் என் கையில் இருந்ததை வாங்கினாள். கிண்ணத்தை மணந்து பார்த்தாள், கழுவினாள், உலர்த்தினாள். தூளைப் போட்டு ஒரே அழுத்து. அவள் தோள் இறங்கி நின்றதை நான் பார்த்தேன். மெஷின் உறுமியது. ஒன்றும் வரவில்லை. பிறகு கறுப்பாக ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, அதற்குப் பிறகு தேன் மாதிரி நூலாக இறங்கியது.

அம்மா ஒரு வாய் குடித்தார். கப்பைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்து முடித்தார்.

"கோப்பி நல்லாயிருக்கு, பிள்ளை. கோப்பியைப் பற்றி எனக்கு ஒரு பேச்சுமில்லை." என் பக்கம் திரும்பினார். "ஆனா பாஸ்போர்ட் எடுத்து வைச்சிருக்காம் எண்டு உங்கட மனுசி சொன்னவ. நான் ஆளைப் பழக்கி எடுக்க, அவ ரெண்டு மாசத்தில வெளிக்கிட்டுட்டா நான் என்ன செய்யிறது?"

நான் வரத் தாமதமான நேரத்தில், பேச விஷயமில்லாமல் மனைவி அதைச் சொல்லியிருக்கிறாள். அவள் தரையைப் பார்த்தாள்.

"அத அப்பாகிட்ட கேளுங்க மிஸ்" என்றாள் மகள். குரல் சூடாக இருந்தது. "போன்னும் சொல்லல, போகாதன்னும் சொல்லல. நான் யார்கிட்ட கேட்டு முடிவெடுக்கிறது?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்தது போல் இப்போதும் பிடிக்கலாம் போலிருந்தது.

"போக வேணாம்" என்றேன். சத்தம் போதவில்லை. "எனக்கு அவ போறது புடிக்கல. மொதல்லேர்ந்தே புடிக்கல."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" மகளின் கண் கலங்கிவிட்டது. அது கோபத்தாலா வேறெதனாலா என்று எனக்குத் தெரியவில்லை. "மெடிக்கலுக்கு நான் போறப்போ சாப்பாடு கட்டிக் குடுத்தீங்களேப்பா!"

"பசிக்கும்னு குடுத்தேன்."

விடுதிக்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு மகளிடம், "ஓம், நீர் என்ன சொல்லுறீர்?" என்று கேட்டார்.

மகள் முகத்தைத் துடைத்தாள். தன் போனை எடுத்து, ஒரு நம்பரை அழுத்தி என் கையில் வைத்தாள்.

"ஏஜென்சிக்காரர். நீங்களே சொல்லுங்க."

தெரியாதவர்களோடு போனில் பேசுவது எனக்கு எவ்வளவு பயம் என்று அவளுக்குத் தெரியும். மணி அடித்தது. மறுபக்கம், "ஹலோ, யார் பேசுறது?" என்று ஒரு கனத்த குரல் கேட்டது.

நான் எழுந்து நின்றுகொண்டேன்.

"அவளோட அப்பா பேசுறேன்" என்றேன்.