பெருவிரலில் திரும்பும் சிவப்பு

குழந்தையைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார் அந்த டாக்டரம்மா. குட்டையானவர். கண்ணாடி எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும்.

காய்ச்சலில் துவண்ட மகனை வியாசர்பாடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் ராயபுரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். வழியிலேயே அவன் கால் குளிர்ந்துவிட்டது.

“ஜுரம் வுட்டுச்சு டாக்டரம்மா, காலு ஜில்லுனு கீது” என்றேன் நிம்மதியாக.

அவர் அவன் கால் பெருவிரலை அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். வெளுத்த இடம் சிவக்காமல் வெளுத்தபடியே இருந்தது.

“ஜுரம் விடலம்மா. கிருமி ரத்தத்துல கலந்திருக்கு. அதான் காலுக்கு ரத்தம் வரல.”

உடனே ஊசி போட்டு டிரிப்ஸ் ஏற்றினார். கையில் பிடித்த அவன் காலை மட்டும் வெகுநேரம் விடவேயில்லை. பிறகு என் கையை இழுத்து அதன்மேல் வைத்தார்.

“இப்ப தொட்டுப் பாரும்மா, சூடு வந்துடுச்சு.”

குணமான பிள்ளையை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டலாம் என்று போனால், அவர் வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தார்.

இப்போதும் பந்து விளையாடிவிட்டு வருகிறவனின் பெருவிரலை அழுத்திப் பார்க்கிறேன்.

“இன்னாம்மா பண்ற, கூசுது” என்று காலை இழுத்துக்கொள்கிறான். அதற்குள் சிவப்பு ஓடி வந்துவிடுகிறது.

அந்தச் சிவப்பை ஒரே ஒரு தடவை அவருக்குக் காட்ட வேண்டும்.