கொழும்பிலிருந்து இரண்டு மணி நேரம்

“கப்பலும் ரயிலுமா ரெண்டு நாள் வாற வழி. ஒரே பகல்ல வந்துருவான்னு சொல்லுதா. இது படிச்ச புள்ள கணக்காம்” என்றார் பெரியத்தா. என் தகப்பனாரான அத்தாவின் அண்ணன் அவர். ஆண்களிடம்தான் சொன்னார், திரைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

முந்தின நாள் மாலை அத்தா மவுத்தாகியிருந்தார். கொழும்பில் கடை வேலை பார்த்த அண்ணனுக்குத் தந்தி அடித்தோம். காலையில் பதில் வந்தது. எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தந்தியைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். விமானத்தில் திருச்சி வருகிறான், அடக்கத்துக்குக் காத்திருக்கச் சொல்கிறான் என்று படித்துச் சொன்னேன்.

விமானம் எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். இரண்டு மணி நேரம் என்றேன். அந்த இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்கே வந்துவிடுவான் என்று எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். கொழும்புக்காரர்கள் எப்போதும் ரயிலில்தான் வந்து இறங்குவார்கள்; அந்தப் பழக்கத்தில் ஓர் ஆளைத் தென்காசி ஸ்டேஷனுக்கும் அனுப்பிவிட்டார்கள். அவன் வெறுங்கையோடு திரும்பியதும் நண்பகல் லுஹர் தொழுகையோடு தூக்கிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றிய மையித்தை நெடுநேரம் வைத்திருப்பது எங்களில் வழக்கமில்லை.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மகன் முகம் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறெதுவும் கேட்கவில்லை.

நான் திரையை விலக்காமலே பேசினேன். “வானத்துலதான் ரெண்டு மணி நேரம், பெரியத்தா. திருச்சியில எறங்கி மதுரை வழியா ரோட்டுல வரணும். ரோட்டுத் தூரம் கம்மிதான். ஆனா நேரம் பூரா அங்கனதான் போவும்.”

“தூரம் கம்மி, நேரம் கூடவா? நல்ல பள்ளிக்கூடம்” என்றார். யாரோ சிரித்தார்கள், சாவு வீட்டில்.

பள்ளிவாசல் ஹஜ்ரத் மட்டும் சிரிக்கவில்லை. “எப்பம்மா வந்து சேருவாரு?” என்றார்.

“அசருக்கு.”

பிற்பகல் தொழுகை நேரத்தைச் சொல்லிவிட்டேன்; அதுவரை வைத்திருக்கலாம் என்று ஹஜ்ரத் முடிவு சொன்னார். அதன்பிறகுதான் பயம் வந்தது. மேகத்தால் விமானம் தாமதமாகலாம், திருச்சியில் கார் கிடைக்காமல் போகலாம். இவை எதற்கும் என்னிடம் கணக்கு இல்லை. குற்றாலத்துச் சாரல் தெருவரை அடித்துக்கொண்டிருந்தது.

அசர் பாங்கு சொன்னார்கள். தொழுதுவிட்டு வந்தவர்கள் மையித்தைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்து வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். பெரியத்தா அதன் முன்காலைத் தோளில் ஏற்றினார். “ஏட்டி, வருவானா?” என்று அம்மா கேட்டாள். “வருவான்” என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

தெருமுனையில் ஒரு கார் நின்றது. அருவியில் குளிக்கப் போகிற மதுரைக்காரர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மடியில் எண்ணெய்ச் செம்பு, தோளில் துண்டு. அவர்களுக்கு நடுவிலிருந்து அண்ணன் இறங்கி ஓடிவந்தான். திருச்சியிலிருந்து மதுரை வரை பஸ்ஸில் வந்து, அங்கே அவர்களிடம் கெஞ்சி இடம் வாங்கியிருக்கிறான்.

பெரியத்தாவே சந்தூக்கை இறக்கச் சொன்னார். முகத்துணியை விலக்கியதும் அவர்தான்.

கொழும்புக்குத் திரும்புமுன் அண்ணன் அவரிடம், தங்கச்சி டீச்சர் டிரெயினிங் படிக்கட்டும் என்றான். அம்மா வீட்டோடு இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தா முடியட்டும், யோசிப்போம் என்றார். இத்தா முடிந்தும் யோசித்துக்கொண்டே இருந்தார். நான் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு, டிரங்குப் பெட்டியோடு, டிரெயினிங் பள்ளி இருக்கும் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறிவிட்டேன். பஸ் இப்போது பாதி வழியில் ஆலங்குளத்தைத் தாண்டிவிட்டது.