என் தம்பியின் முட்டி

இன்று மாலை ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை முடித்து வேலூர் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுக்காரர் போட்டிருந்த பச்சை டி-ஷர்ட்டில் எங்கள் டீமின் சின்னம்.

நான் பார்க்கும் அமெரிக்க ஃபுட்பாலை இந்தப் பக்கம் இன்னொருவரும் பார்ப்பார் என்று நினைத்ததே இல்லை. எங்கள் டீமின் முக்கிய ஆட்டக்காரனுக்கு அடிபட்ட செய்தி காலையில் வந்தது. அதிலிருந்து பேச ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தேன். ஆன்லைன் குரூப்பிலோ, அவனுக்குப் பதில் யாரை இறக்குவது என்று ஒரே சண்டை.

"பாத்தீங்களாண்ணே, நம்மாளுக்கு முட்டி ஜவ்வு கிழிஞ்சிடுச்சு" என்றேன்.

அவர் பதறித் திரும்பினார். "யாருக்குப்பா? உன் தம்பிக்கா?"

அவர் அந்த டி-ஷர்ட்டை பஜாரில் எக்ஸ்போர்ட் மிச்சமாக வாங்கியிருப்பார், ஆட்டம் பார்ப்பவர் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"ஆமாண்ணே" என்றேன்.

"வேலூர்ல காட்டினியா? பயப்படாத. என் மச்சானுக்கும் இதேதான். ஆபரேசன் பண்ணி இப்ப வண்டி ஓட்றான்." கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "நீ ஏதாச்சும் சாப்ட்டியா இல்லியா?"

சாப்பிடவில்லை. ரூமில் நான் தனி ஆள். இதைக் கேட்க ஒருவர் கிடைத்து ரொம்ப நாளாகிறது.

பள்ளிகொண்டாவில் இறங்கும்போது, "நாளைக்கும் இந்த வண்டிலதான வருவ? தம்பி எப்டி இருக்கான்னு சொல்லு" என்றார்.

எனக்குத் தம்பியே கிடையாது. நாளை மாலைக்குள் அந்த ஆறடி அமெரிக்கனுக்கு இங்கே பக்கத்து மாதனூரில் பிறந்தவன் மாதிரி ஒரு பெயர் வேண்டும். யாராவது சொல்லுங்கள்.