நாற்பது வாட் வார்டு

சீக்கு வந்த கூண்டுப் பறவைக்கு வீட்டில் வைத்தியம் பார்க்க மூன்று பொருள் போதும்: ஓர் அட்டைப்பெட்டி, ஒரு நாற்பது வாட் பல்பு, பறவையின் சொந்தக்காரர் உள்ளே வராதபடி தாழ்ப்பாள் போட்ட கதவு. முதல் இரண்டும் செங்கல்பட்டு கடைத்தெருவில் கிடைக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில், மறைமலைநகர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலைநிறுத்தம் நடத்தியதற்காக என்னை வெளியே அனுப்பினார்கள். கேட் வாசலில் துண்டறிக்கை கொடுத்தே வளர்ந்தவன், துண்டறிக்கை படித்தே படித்தவன். பொழுது போக லவ் பேர்ட்ஸ் வளர்த்தேன். அவற்றுக்கு வந்த நோயை நானே பார்த்துத் தேற்றியது தெரிந்ததும் ஊரார் தங்கள் பறவைகளோடு வர ஆரம்பித்தார்கள். என் சட்டம் ஒன்றுதான்: பறவை ஏழு நாள் பல்புச் சூட்டில் என் வீட்டில் இருக்க வேண்டும். நடுவில் தூக்கிப்போனால் குளிர் தாக்கிச் செத்துவிடும். செத்தால், "யூனியன்காரன் கொன்னுட்டான்" என்று பெயர் எனக்கு. அந்த ஏழு நாளை வாங்க நான் பட்ட பாடு, வீட்டில் பறவை வளர்த்து மல்லுக்கட்டும் வாசகர்களாகிய உங்களைத் தவிர யாருக்குப் புரியும்?

கொழுத்த பறவை

திருவிடந்தையிலிருந்து ஓர் அம்மாள் பஸ்ஸில் வந்தார். மடியில் கூண்டு. உள்ளே பறவை பந்து போல உப்பி, கண்ணை மூடிக்கொண்டிருந்தது. உடம்பில் சூடு குறைந்தால் பறவை இறகைச் சிலிர்த்து உப்பிக்கொள்ளும். அதுதான் முதல் அபாய அறிகுறி. அவரோ, "பத்து நாளா நல்லா கொழுத்துகினு வருது. கண்ணு பட்டுடப் போவுதுன்னு யாருக்கும் காட்டல" என்றார்.

கையில் எடுத்தேன். நெஞ்செலும்பு கத்தி முனை போல விரலில் குத்தியது. இறகை ஊதி விலக்கி, எலும்பும் தோலுமாக இருந்ததைக் காட்டினேன். அவர் என் முகத்தையும் பறவையையும் மாறி மாறிப் பார்த்தார். "வரும்போது குண்டாத்தான் இருந்திச்சி. நீ புடிச்சி அமுக்கிட்ட அண்ணாத்த."

நிறைந்த கிண்ணம்

கல்பாக்கத்தில் ஆராய்ச்சி வேலையில் இருந்த ஒருவர், பறவையோடு ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டுவந்தார். அறையின் வெப்பம், குடித்த தண்ணீர், எச்சத்தின் நிறம், எல்லாம் கட்டம் போட்டுக் குறித்திருந்தார். பறவை கூண்டின் தரையில் கிடந்தது. "கிண்ணம் நிறையத் தினை இருக்கிறது, தொடவே மாட்டேன் என்கிறது" என்று கிண்ணத்தை நீட்டினார்.

ஓர் ஊது ஊதினேன். உமி பறந்து மேசையெல்லாம் விழுந்தது. அடியில் ஒரு மணி தினை இல்லை. பறவை தினையை உரித்துத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே விடும். மேலே பார்த்தால் நிறைந்திருப்பது போலத் தெரியும். முழுசாக ஒரு நாள் அது பட்டினி. தொழிலாளி வயிற்றை ஆண்டறிக்கையில் பார்க்கிறவர்கள் எல்லாரும் இந்த ஜாதிதான் என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் நோட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார். "எவ்வளவு தூரத்திலிருந்து ஊத வேண்டும் சார்?"

வீட்டுக்குள் எதிர்க்கட்சி

கரண்ட் போனால் பல்பு அணையும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்கு ஓடுவேன். என் மனைவி சரோஜா வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றி, துணி சுற்றி, பெட்டிக்குள் வைப்பாள். ஒரு கோடையில் ஒரே சமயம் ஐந்து பெட்டிகள். குழம்புச் சட்டியை இறக்கி வைக்க இடமில்லை.

"ஊரு நோவெல்லாம் என் அடுப்பாண்ட குந்திகினு கீது. எனக்குத் தலவலின்னா மட்டும் தைலம் தடவிக்கோங்கற."

மூன்றாம் நாள்

முட்டுக்காட்டுப் படகுக்காரர் ஒருவரின் பறவை மூன்றாம் நாள் லேசாகக் குரல் கொடுத்தது. அவர் அந்த நேரம் பார்த்து வந்து நின்றார். குணமாகிவிட்டது என்று கூண்டோடு எடுத்துப் போனார். நான் தெரு முனை வரை பின்னால் போய்க் கத்தினேன். சந்தோஷத்தில் பறவையைப் படகில் ஏற்றி உப்பங்கழிக் காற்றில் ஒரு சுற்றுக் காட்டியிருக்கிறார். மறுநாள் அது செத்துப்போனது. நியாயம் கேட்க என் வாசலுக்கு வந்தார்.

"உன்னாண்ட இருந்தப்போ உயிரோடதான இருந்திச்சி? அப்புறம் ஏன் குடுத்தே?"

கையெழுத்து

அதற்குப் பிறகு ஒரு பத்திரம் தயாரித்தேன். "ஏழு நாள் முடியும்வரை பறவையைக் கேட்கவோ, தொடவோ, தீனி கொடுக்கவோ மாட்டேன்." கீழே கையெழுத்து. எல்லாரும் போட்டார்கள்.

ஒருநாள் ஏழுமலை வந்தான். வேலைநிறுத்தத்தில் என்னோடு சேர்ந்து துண்டறிக்கை எழுதியவன். நன்னடத்தைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவனுக்குத்தான் வேலை என்று நிர்வாகம் சொன்னபோது அவன் போட்டான், நான் போடவில்லை. ஒன்பது வருடம் பேச்சு இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்தபின் அவன் வீட்டில் அவனோடு இருந்தது இந்த ஒற்றைப் பறவைதான். ஒவ்வொரு மூச்சுக்கும் அதன் வால் மேலும் கீழும் ஆடியது. நெஞ்சு அடைத்துவிட்டது என்று அர்த்தம். நான் பத்திரத்தை நீட்டினேன்.

முழுதும் படித்தான். "அவனுங்களும் இப்டித்தான் எழுதியிருந்தானுங்க. ஒருதரம் போட்டதே இன்னும் செரிக்கல மச்சான். திரும்பப் போடமாட்டேன்" என்று கூண்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். பஸ் ஜன்னல் காற்றில் அது சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டாது. அவனுக்கும் தெரியும். இருந்தாலும் செருப்பை மாட்டினான்.

பத்திரத்தை மடித்துப் பெட்டியின் அடியில் விரித்தேன். பறவையை வாங்கி அதன்மேல் வைத்தேன். ஏழு நாளும் ஷிப்டு முடிந்து நேராக வந்தான். துணியைத் தூக்கிப் பார்த்தான், விசில் அடித்தான், கொத்துமல்லி ஊட்டினான். அவன் மீறாத நிபந்தனை இல்லை. அந்தப் பறவை தேறியது. எட்டாம் நாள் கூண்டோடு போனான். ஒன்பதாம் நாள் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தான். "பறவைதான் தேறி வீட்டுக்குப் போய்விட்டதே, இன்னும் என்ன?" என்றேன்.

"அதுக்கின்னா இப்ப? டீ போடச் சொல்லு."

கேட் வாசலில் என் கோரிக்கை ஒன்றும் ஜெயித்ததில்லை, வீட்டு வாசலில் என் நிபந்தனை ஒன்றும் ஜெயித்ததில்லை. பறவைகள்தான் எப்படியோ பாதிக்கு மேல் பிழைத்துக்கொண்டன.