லுணுகலையை ரோமர்கள் பிடித்த கதை

என் கணவரின் கணக்குப்படி, மனிதகுலம் படைத்தவற்றில் தலைசிறந்தது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. சக்கரம், எழுத்து, அச்சு இயந்திரம் எல்லாம் அதற்கு அடுத்தபடிதான். அவையும் அந்த விளையாட்டுக்குள்ளேயே வந்துவிடுவதால் தனியாகப் பாராட்டத் தேவையில்லை என்பார்.

அவர் பதுளையில் கணித ஆசிரியர். ஊர் வடக்கில். நான் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தேன். எங்கள் ஆட்கள் மலையகம், கிறிஸ்தவ வேதக்காரர்கள். அவருடைய ஆட்கள் யாழ்ப்பாணம், சைவம். இப்படிப்பட்ட கலியாணத்தில் எங்கே வெடிக்கும் என்று இரண்டு பக்கத்து உறவினரும் ஆவலோடு காத்திருந்தார்கள். கோயிலா, தேவாலயமா, சாம்பாரா, சொதியா என்று ஆளுக்கொரு ஊகம். ரோமப் பேரரசு என்று ஒருவரும் நினைக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அவர் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினார். மாணவர்களுக்கு வினாத்தாள் தட்டச்சு செய்யப் போவதாகச் சொன்னார். செய்தார்தான், ஒரேயொரு வினாத்தாள். அதற்குள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டொக்டர் நண்பர் ஒரு சீடி கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

விளையாட்டு இதுதான். திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் ஒரு துண்டு நிலத்தில் வண்டியோடு ஒரு குடியேற்றக்காரன் நிற்பான். அவனைக் கொண்டு ஓர் ஊர் அமைக்க வேண்டும். பிறகு வயல், பாதை, மதில், படை. யோசனை சொல்ல மந்திரிமாரும் உண்டு. ஊர் பெருகும், அறிவு வளரும், கடைசியில் விண்வெளிக்கே ஆள் அனுப்பலாம். சதுரங்கம் மாதிரி முறை வைத்து ஆடுவது. நம்முடைய முறையில் நாம் எல்லாரையும் நகர்த்துவோம், பிறகு மற்ற நாட்டு ராஜாக்கள் நகர்த்துவார்கள். ஆறாயிரம் வருஷத்துச் சரித்திரத்தை இப்படி ஓட்டி முடிக்க ஒரு வாரம் போகும். உண்மையான ஆறாயிரம் வருஷம் அதைவிடச் சீக்கிரமாகப் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

"இன்னும் ஒரு முறைதான். இந்தா வாறன்," என்பார். சோறு ஆறும். இன்னும் ஒரு முறை. கறியும் ஆறும். பதுளைக் குளிரில் எதுவும் ஆற அதிக நேரம் எடுக்காது.

சனிக்கிழமைகளில் டொக்டர் சாப்பிட வருவார். அவருக்கும் ஊர் வடக்குத்தான், கலியாணமாகாதவர். இரண்டு பேரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்து விளையாட்டின் பெருமையைப் பேசுவார்கள். கொழும்பிலிருந்து வரும் ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில் வருஷா வருஷம் சிறந்த விளையாட்டுகளுக்கு வரிசை போடுவார்கள். இதற்கு எப்போதும் உச்சியில் ஓர் இடம் உண்டு. இரண்டு பேரும் அதைத் திருமறை வாசிப்பதுபோல் வாசிப்பார்கள்.

"மச்சான், இது விளையாட்டில்லை," என்பார் டொக்டர். "இது ஒரு தத்துவம்."

"நானும் அதைத்தான் இவவுக்குச் சொல்லுறனான்," என்பார் இவர். "இவ கேட்டால்தானே."

நான் கேட்காமல் இல்லை. ஒரு நாள் பின்னால் நின்று பார்த்தேன். அவருடைய ஊர் ஒன்றில் ஜனங்கள் கலகம் செய்துகொண்டிருந்தார்கள். சாப்பாடு போதவில்லை, வரி அதிகம், நெருக்கடி, இப்படி ஏதோ நியாயமான காரணம். இவர் என்ன செய்தார் தெரியுமா? வயலில் வேலை செய்துகொண்டிருந்த ஓர் ஆளைப் பிடித்துக் கூத்தாடியாக மாற்றினார். உடனே கலகம் அடங்கியது.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"இவ்வளவுதான். அருமையான வடிவமைப்பு."

சம்பள உயர்வு கேட்டுத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. என் வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேர் வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஒரு கூத்தாடியை அனுப்பினால் தீர்ந்துவிடும் என்று தெரியாமல் தொழிற்சங்கமும் கம்பனியும் கொழும்பில் பேசிப் பேசிக் களைத்துப்போனார்கள்.

இன்னொரு நாள் அவருடைய யுத்த டாங்கி ஒன்றை ஈட்டி பிடித்த ஒருவன் உடைத்துவிட்டான். இரும்பு டாங்கி, மர ஈட்டி. நான் சிரித்தேன். "அவன் மலையில நிக்கிறான், அதோட மதிலும் கிடக்கு, கணக்குப்படி அது நடக்கலாம்," என்று கணித ஆசிரியர் முகத்தைச் சீரியசாக வைத்துக்கொண்டு விளக்கினார். தத்துவம் என்றால் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

ஓர் ஆகஸ்ட் விடுமுறையில் அவர் பரீட்சைத்தாள் திருத்தக் கொழும்புக்குப் போனார். வீட்டில் நானும் மழையும்தான். இந்தப் புகழ்பெற்ற சாமானில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்து, குற்றப்பத்திரிகை தயாரித்து, அவர் வந்ததும் முகத்தில் அடித்தமாதிரி வாசித்துக்காட்டலாம் என்று ஒரு காலையில் கம்ப்யூட்டரைப் போட்டேன்.

முதல் ஊருக்கு ஏதோ ஓர் அந்நிய நாட்டுப் பெயரை அதுவே கொடுத்தது. அழித்துவிட்டுப் பதுளை என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன். ஆற்றங்கரையில் இரண்டாவது ஊர், ஹாலிஎல. நல்ல விளைச்சல் நிலத்தில் வெலிமடை. அங்கே லீக்ஸ் விளைவதாக நினைத்துக்கொண்டேன். தூரத்தில், கடலைப் பார்த்த ஒரு குன்றில், லுணுகலை. அது நான் வளர்ந்த ஊர். அப்பா தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, லுணுகலை டவுனில் தையல் கடை போட்டவர். உண்மையான லுணுகலைக்குக் கடல் கிடையாது. நான் கொடுத்தேன்.

மத்தியானம் சோறு அடிப்பிடித்தது. அந்த வாசனை வந்தபோதும் நான் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஒரு முறை என்று சொல்லிக்கொள்ள வீட்டில் ஆளில்லாததால், எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

குற்றப்பத்திரிகை எழுதவே இல்லை. அந்த விளையாட்டில் எனக்குப் பிடித்தது அதன் பேரரசும் இல்லை, பீரங்கியும் இல்லை. அது காத்திருக்கும். எனக்குப் பிடித்தது அதுதான். நான் முடிவெடுக்கும்வரை உலகத்தில் ஒரு சிப்பாய்கூடக் காலைத் தூக்கி வைக்கமாட்டான். துணி காயப்போட்டுவிட்டு வரலாம். பஸ் பிடித்துக் கடைக்குப் போய்வரலாம். வந்து பார்த்தால் ராஜாக்கள் எல்லாரும் என் முறைக்காக அப்படியே நிற்பார்கள். என் வாழ்க்கையில் எனக்காக அப்படி நின்றது வேறு எது? ஹாலிஎல பஸ் நிற்காது. மாமியார் ஒரு கேள்வி கேட்டால் பதிலுக்கு நிற்கமாட்டார். கலியாணமே வேண்டுமா வேண்டாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

ரோமர்கள் பக்கத்து நாட்டுக்காரர்கள். சமாதானம் பேசுவார்கள், அடுத்த முறையே கப்பலில் ஆள் கொண்டுவருவார்கள். ஒருநாள் லுணுகலைக்குப் பக்கத்தில் அவர்களுடைய கப்பல் வந்து நின்றது. கல் எறியும் பொறிகளை இறக்கினார்கள். நான் பதறவில்லை. என்னுடைய முறை. யோசிக்கலாம். வீட்டில் மரக்கறி முடிந்திருந்தது, பஜாருக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது வாசலில் அவருடைய சப்பாத்து. தாள் திருத்தி முடித்துவிட்டு ஒரு நாள் முந்தியே வந்திருந்தார். பயணப் பை கூடத்தின் நடுவில் கிடந்தது. ஆள் கம்ப்யூட்டருக்கு முன்னால்.

"நீர் விளையாடினீரே?" என்றார், திரும்பாமல். குரலில் அவ்வளவு சந்தோஷம். "பரவாயில்லை, நல்லாத்தான் செய்திருக்கிறீர். ஆனால் பாதுகாப்புப் பிழை. நான் எல்லாம் சரிப்பண்ணிப்போட்டன்."

மரக்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். குன்றின் மேல் சிவப்புக் கொடி பறந்துகொண்டிருந்தது. ரோமருடைய கொடி.

"லுணுகலை எங்க?"

"அதை விட்டுக் குடுத்திட்டன்."

"யாருக்கு?"

"ரோமருக்குத்தான். அதைக் காப்பாத்திறதில பிரயோசனமில்லை. சின்ன ஊர், வருமானமில்லை. அங்க நிண்ட படையை எடுத்துப் பதுளைக்கு மதில் பக்கம் விட்டன். தலைநகரம் முக்கியமெல்லோ. அதுதான் இந்த விளையாட்டின்ர அழகு. எதை இழக்கலாம் எண்டு தெரிய வேணும்."

"என்னோட முறையை நீங்க ஏன் எடுத்தீங்க?"

"என்னப்பா, இது விளையாட்டுத்தானே."

இவ்வளவு காலமும் தத்துவமாக இருந்தது, அந்த நிமிஷம் விளையாட்டாகிவிட்டது. நான் லீக்ஸ் நறுக்கப் போனேன். ஒரு கட்டு லீக்சை அவ்வளவு பொடியாக அதற்கு முன்னும் பின்னும் நான் நறுக்கியதில்லை.

அந்த வாரம் நாங்கள் தேவையானதை மட்டும் பேசினோம். உப்பு இருக்கு. கடிதம் வந்திருக்கு. டொக்டர் வருவாரா, வருவார். அவருக்கு என் கோபம் உண்மையாகவே விளங்கவில்லை. தவறு எங்கே என்று கணக்கைப் போல வரி வரியாகச் சரிபார்த்துக்கொண்டு திரிந்தார். சேமித்து வைத்திருந்த பழைய இடத்திலிருந்து மறுபடி ஆடி லுணுகலையை மீட்டுத் தரட்டுமா என்றுகூடக் கேட்டார். தேடிப் பார்த்தால் பழைய இடம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேல் அவருடைய திருத்தத்தைச் சேமித்து வைத்திருந்தார்.

ஒரு பின்னேரம் மின்வெட்டு. இரண்டு பேரும் முன்வாசலில் உட்கார்ந்திருந்தோம். நமுனுகுல மலையில் முகில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் கேட்டுவிட்டேன்.

"சின்ன ஊர், பிரயோசனமில்லைன்னு சொன்னீங்களே. உங்க ஊரா இருந்தா அப்படி விட்டுருப்பீங்களா?"

அவருடைய ஊரில் அப்போது ஒருவரும் இல்லை. யுத்தத்தில் எல்லாரும் இடம்பெயர்ந்து போயிருந்தார்கள். வீடு நிற்கிறதா என்பதுகூடத் தெரியாது. மாமியார் கொழும்பில் ஒரு சிறிய வாடகை அறையில் இருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான்.

"நான் எத்தினை தரம் விளையாடியிருப்பன்," என்றார். "ஒருக்காலும் எங்கட ஊரின்ர பேரை வைச்சதில்லை. கவனிச்சனீரே?"

கவனிக்கவில்லை. அவருடைய ஊர்களுக்கெல்லாம் விளையாட்டு கொடுத்த பெயர்தான். எகிப்துப் பெயர், கிரேக்கப் பெயர், எதுவோ.

"பேர் வைச்சால் விளையாட ஏலாது," என்றார். "ஒண்டையும் விட்டுக் குடுக்க ஏலாமல் போகும். பிறகு தோத்துப் போவம்." கொஞ்சம் கழித்து, "நீர் வைச்சதை நான் வாசிச்சனான். வாசிச்சிட்டும் விட்டனான். அது பிழைதான்," என்றார்.

அவர் கை குளிர்ந்து போயிருந்தது. பிடித்துக்கொண்டேன். கரண்ட் வந்தபோதும் ஒருவரும் கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை.

அடுத்த ஞாயிறு அவரே லுணுகலைக்குப் போவோம் என்றார். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு தலை சுற்றும் அவருக்கு. அந்த வழியை அவர் விரும்பிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா கடையை மூடிவிட்டு வந்து, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தோட்டத்துச் சனம் ஞாயிறு சாமான் வாங்க வந்து ரோடு நிறைந்திருந்தது. இவர் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பொலிசில் சரணடைகிறவரைப்போல் விஷயத்தைச் சொன்னார்.

"மாமா, நான் உங்கட ஊரை விட்டுக் குடுத்திட்டன். விளையாட்டிலதான். அதில இவவுக்குக் கோவம்."

அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இப்ப யாருகிட்டங்க இருக்கு மாப்பிள்ளை?"

"ரோமரிட்ட."

அப்பா ரோட்டைப் பார்த்தார். மழைக்குப் பெயர்ந்த தார், கம்பத்தில் எரியாத பல்பு, பஸ்ஸுக்குக் குடை பிடித்து நிற்கிற பெண்கள்.

"ரோட்டுப் போட்டுக் குடுப்பாங்களா அவங்க?" என்றார்.

"ரோட்டுப் போடுறதில கெட்டிக்காரர் மாமா."

"அப்ப கொஞ்ச நாளைக்கு இருக்கட்டுங்க," என்றார் அப்பா.

நான் அடக்கி அடக்கிப் பார்த்துச் சிரித்துவிட்டேன். இவரும் சிரித்தார். அம்மா உள்ளேயிருந்து என்ன சத்தம் என்று கேட்டார்.

சனிக்கிழமை டொக்டர் வந்தபோது செய்தி அவருக்குப் போயிருந்தது. உட்கார்ந்ததும், "நீங்களும் விளையாடினீங்களாமே அக்கா. இப்ப சொல்லுங்கோ, புகழுக்கு ஏத்த சாமானோ இல்லையோ?" என்று கேட்டார்.

"கூத்தாடி வந்தா பசி அடங்கிரும்னு நம்புற விளையாட்டு," என்றேன். "ஈட்டிக்காரன் டாங்கியை உடைப்பான். ராஜா எல்லாரும் பொய் பேசுவான். மந்திரிமார் ஒருத்தருக்கும் மூளை கிடையாது. படை மந்திரி படைதான் கேப்பான், எப்பவும்."

"அப்ப கூடாதெண்டுறீங்கள்."

"அப்படிச் சொல்லலியே. ஒரு ஊருக்குப் பேரு வச்சு, அது கையவிட்டுப் போனா நெஞ்சு வலிக்குது. ஒரு சதுரத்துல நாலு வீட்டுப் படம்தான், அதுக்குப் போயி. மட்டமான சாமான்னா அது நடக்குமா? நல்ல விளையாட்டுதான். அதப் புகழ்றவங்கதான் எதப் புகழணும்னு தெரியாமப் புகழ்றாங்க."

டொக்டர் ஆதரவு தேடி நண்பரைப் பார்த்தார். என் கணவர் குனிந்து சோறு பிசைந்துகொண்டிருந்தார்.

"மச்சான், நீ ஒண்டும் சொல்லேல்லையே?"

"இப்ப அவவின்ர முறை," என்றார் இவர். "சொல்லி முடிக்கட்டும்."

நான் முடிக்கவில்லை. மந்திரிமாரைப் பற்றி எனக்கு இன்னும் நிறையச் சொல்ல இருந்தது. சொன்னேன். கறி ஆறிப்போனது.